பழைய சைக்கிளும் புதிய சங்கிலியும்

நம் சங்கத்து இதழில் காதலைப் பற்றி எழுதக் கவிஞர்கள் உண்டு. கம்பனைப் பற்றி எழுதத் தமிழ்த்துறை அன்பர்கள் உண்டு. தில்லிக் குளிரைப் பற்றி எழுத ஆண்டுதோறும் புதிதாக ஒருவர் வந்து சேர்கிறார். சைக்கிளின் பல்சக்கரத்தைப் பற்றி எழுதத்தான் இதுவரை ஆள் கிடைக்கவில்லை. அந்தக் குறையைப் போக்க நான் முன்வந்திருக்கிறேன். நகைப்பவர்கள் நகைக்கலாம். என் இடது முழங்கால் மட்டும் நகைக்காது. அதற்குக் காரணம் உண்டு.

என்னிடம் இருப்பது வளைந்த கைப்பிடியும் மெல்லிய டயரும் கொண்ட ரோடு சைக்கிள். ரசாயனத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற தமிழ்ப் பேராசிரியர் ஒருவர், இங்கிலாந்தில் படிப்பை முடித்துத் திரும்புகையில் 1986-ல் சாமான்களோடு கொண்டுவந்தது. ரெனால்ட்ஸ் 531 என்னும் எஃகுக் குழாயில் செய்த சட்டம். முன்னே 52, 42 பற்கள் உள்ள இரண்டு சக்கரங்கள். பின்னே 14 முதல் 28 வரை பற்கள் உள்ள ஆறு சக்கரங்கள். ஊருக்குப் புறப்படும்போது அவர் என்னை அழைத்துச் சாவியைக் கொடுத்தார். "தம்பி, சட்டம் உன் பேரன் காலம் வரை வரும். சங்கிலியை மட்டும் வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கொள்" என்றார். சாவியை வாங்கிக்கொண்டேன்; புத்திமதியை வாங்கிக்கொள்ளவில்லை.

மூன்று வருஷம் கழித்துத்தான் சங்கிலியின் நினைவு வந்தது. புதிதாக ஒன்று வாங்கி நானே பூட்டினேன். பூட்டிவிட்டுப் பார்க்கையில் வெள்ளிக் கொலுசு போல் மின்னியது. மறுநாள் மாலை மால் ரோட்டைக் கடக்க, விளக்கு மாறுவதற்குள் போய்விடலாம் என்று பெடல் மேல் எழுந்து நின்று மிதித்தேன். 'கடக்' என்று ஒரு சத்தம். சங்கிலி பல்லை விட்டுத் தாவிற்று. கால் வெறுமையில் இறங்கிற்று. முழங்கால் கைப்பிடியில் மோதிற்று. நான் சாலையில் கிடந்தேன். பின்னால் வந்த பஸ்ஸின் டிரைவர் என் குடும்பத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் சொன்னார். அவர் பிரேக் போட்டிருக்காவிட்டால் இந்தக் கட்டுரைக்குப் பதில் வேறொரு வகைக் கட்டுரையை இவ்விதழில் நீங்கள் படித்திருப்பீர்கள்.

புதிய சங்கிலியைப் போட்ட பின் விழுவானேன்? பழையது இத்தனை நாள் ஒழுங்காகத்தானே ஓடிற்று? இந்தக் கேள்விக்கு விடை தேடப் போய்த்தான் நான் கெட்டேன், அல்லது தேறினேன்.

சங்கிலி நீளுகிறது என்று சொல்லுகிறோம். இரும்பு நீளுவதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் ஊசியும், அந்த ஊசி ஆடுகிற துளையும் தேய்கின்றன. கண்ணிக்குக் கண்ணி இடைவெளி மயிரிழை அளவு கூடுகிறது. நூற்றுச் சொச்சம் கண்ணிகளில் அது கண்ணுக்குத் தெரியும் நீளமாகிறது. உலகத்தில் ஓடும் சைக்கிள்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஊசிக்கு ஊசி அரை அங்குலம்தான். ஆகவே ஒரு ஸ்கேலை எடுத்து, ஓர் ஊசியின் நடுவில் பூஜ்யத்தை வைத்தால், இருபத்து நான்கு கண்ணி தள்ளி இருக்கும் ஊசியின் நடு சரியாக 12 அங்குலத்தில் நிற்க வேண்டும். கோட்டைத் தாண்டி 1/16 அங்குலம் போயிருந்தால் சங்கிலியை மட்டும் மாற்றினால் போதும். 1/8 அங்குலம் போயிருந்தால், சங்கிலி தன் தேய்மானத்தைப் பற்களுக்கும் சீதனமாகக் கொடுத்துவிட்டது என்று பொருள். தேய்ந்த சங்கிலியும் தேய்ந்த பல்லும் நெடுநாள் தாம்பத்தியத்தில் ஒன்றுக்கொன்று பழகிவிடுகின்றன. அந்த இடத்தில் புதுச் சங்கிலியைக் கொண்டு வைத்தால் பல் அதை ஏற்காது. என் சங்கிலி 1/8-ஐயும் தாண்டியிருந்தது. முப்பது ரூபாய் ஸ்கேல் ஒன்று மூன்று வருஷமாக என் மேஜையிலேயே கிடந்தது.

ஆக, பின்சக்கரத்தின் பல் தொகுதியையும் மாற்ற வேண்டும். 'அதற்கென்ன, வாங்கிவிட்டால் போயிற்று' என்று நினைத்தேன். எங்கள் விடுதிக்கு அருகே இருக்கும் பெரிய கடைக்குப் போனேன். கண்ணாடிக் கதவு, ஏர்கண்டிஷன், சுவரில் தொங்கும் கார்பன் சைக்கிள்கள். அங்கிருந்த இளைஞர் என் வண்டியை, மியூசியத்திலிருந்து வழி தவறி வந்ததைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "இதற்கெல்லாம் பாகம் வருவதில்லை. சக்கரம், கியர் லீவர், செயின் வீல், சங்கிலி எல்லாம் ஒரே செட்டாக மாற்றிவிடலாம்" என்று சொல்லி ஒரு தொகை சொன்னார். அந்தத் தொகைக்குப் புதிய சைக்கிளே வந்துவிடும். அங்குசம் வாங்கப் போனவனை யானை வாங்கிக்கொள் என்பது இதுதான்.

இங்கேதான் என் கருத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. "பாகம் வருவதில்லை" என்ற வாக்கியம் பத்துக்கு ஒன்பது தடவை உண்மை அல்ல. வராதது பாகமல்ல, அளவு பார்க்கும் பழக்கம். கடைக்காரர் மாடலின் பெயரைத் தேடுகிறார். அது பட்டியலில் இல்லை. ஆகவே பொருளும் இல்லை என்று முடிவு கட்டுகிறார். சைக்கிளுக்குத் தன் பெயரும் தெரியாது, பிறந்த வருஷமும் தெரியாது. அதற்குத் தெரிந்தது புரியும், இடைவெளியும், அகலமும்தான்.

இதை எனக்குக் கற்பித்தவர் ஜண்டேவாலான் சைக்கிள் சந்தையில் ஒரு சந்துக்குள் கடை வைத்திருக்கும் முதியவர். பின்சக்கரத்தை மட்டும் கழற்றி மெட்ரோவில் தூக்கிக்கொண்டு போனேன்; ராஜீவ் சௌக்கில் ரயில் மாறுவதற்குள் நாலு பேர் ஆடையில் கிரீஸ் பூசிய பாவம் எனக்கு உண்டு. முதல் இரண்டு கடைகளில் பழைய பாட்டுத்தான். மூன்றாவது இவர். என்ன கம்பெனி என்றே கேட்கவில்லை. சக்கரத்தைத் திருப்பிப் பார்த்தார். "இது புரி போட்டு ஏறுகிற பிரீவீல். கேசட் இல்லை. முதலில் இதைக் கழற்று, பேட்டா" என்றார்.

இந்த வேறுபாட்டை நாம் ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். பழைய வண்டிகளில் பற்களும், 'டிக் டிக்' என்று பின்னால் சுழலும் பொறியும் ஒரே உருண்டையாகச் சேர்ந்து, சக்கரத்தின் நடுமையத்தில் திருகாக ஏறும். அது பிரீவீல். 1978-ல் ஷிமானோ கம்பெனி அந்தப் பொறியைச் சக்கரத்தின் மையத்தோடு சேர்த்துவிட்டு, பற்களை மட்டும் வரிப்பள்ளங்களில் செருகும் முறையைக் கொண்டுவந்தது. அது கேசட். ஒன்றை மற்றதன் இடத்தில் வைக்க முடியாது. நான் கேசட்டைக் கேட்டுக் கேட்டு அலைந்ததும் ஒரு தவறு. கடைக்காரர்களை மட்டும் குறை சொல்லி என்ன பயன்?

கழற்றுவது பெரும்பாடு. பழைய பிரீவீலின் முகத்தில் இரண்டே இரண்டு பள்ளங்கள் இருந்தன. அதற்குரிய இருபல் கழற்றி வேண்டும். அதற்கு முன்பே எங்கள் விடுதி வாசலில் ஒருவர் உளியும் சுத்தியலும் கொண்டு அந்தப் பள்ளங்களைப் பாதி சிதைத்துவிட்டிருந்தார். முதியவர் கழற்றியைப் பொருத்தி, அது துள்ளி எழாதபடி அச்சின் நட்டைப் போட்டு இறுக்கி, கழற்றியை வைஸில் பிடித்து, சக்கரத்தையே ஸ்டியரிங் போல் திருப்பினார். அரைச் சுற்று அசைந்ததும் நட்டைத் தளர்த்தினார், மறுபடி திருப்பினார். வந்துவிட்டது. மிதிக்க மிதிக்க இறுகும் திருகு அது. முப்பத்தைந்து வருஷம் மிதித்து இறுகியதை மூன்று நிமிஷத்தில் எடுத்தார். வராமற் போயிருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். முன்மூடியை வலப்பக்கம் திருப்பினால் - அதன் புரி தலைகீழ் - பொறியே பிரிந்துவிடும், பிறகு உள்ளிருக்கும் உடலை வைஸில் கடிக்கவைத்துத் திருப்பலாம் என்றார்.

பிறகு அவர் செய்ததுதான் என் கண்ணைத் திறந்தது. மூலையிலிருந்த சாதாரணக் கறுப்புச் சைக்கிளின் ஒற்றைப் பல் பிரீவீலை எடுத்து, என் இங்கிலாந்துச் சக்கரத்தில் விரலால் திருகினார். வெண்ணெயில் இறங்குவது போல் இறங்கிற்று! 1.37 அங்குலக் குறுக்களவு, அங்குலத்துக்கு 24 புரி. பால்காரர் வண்டிக்கும் பேராசிரியர் வண்டிக்கும் ஒரே புரி. அந்தப் புரிக்கு ஏழு பல்சக்கரங்கள் உள்ள பிரீவீல்களும் ஆறு உள்ளவையும் அவர் கடையில் அட்டைப் பெட்டியில் அடுக்கியிருந்தன. சங்கிலி உட்பட எனக்கு ஆன செலவு ரூ. 1,450. (பிரெஞ்சு வண்டியாக இருந்திருந்தால் 34.7 மில்லிமீட்டர், பார்வைக்கு ஒன்றேபோல் இருக்கும், பலாத்காரமாகத் திருகினால் சக்கரத்தின் மையம் பாழாகிவிடும். விரலால் ஏறாததைச் சாவியால் ஏற்றாதே என்பது அவருடைய வேதம்.)

ஏன் ஒரே புரி? ஏனென்றால் நம் நாட்டுச் சைக்கிள் தொழில் முழுவதும் ஒரே இங்கிலீஷ் மாதிரியைப் பார்த்து எழுந்தது. சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-ல் தொடங்கிற்று. சோனிபட்டில் அட்லஸ் 1951-ல். ஆசன்சோல் அருகே சென்-ராலே 1952-ல். லூதியானாவில் ஹீரோ 1956-ல். பெயர்ப் பலகைகள் வேறு, விளம்பரங்கள் வேறு. ஆனால் ஒருவர் சங்கிலி மற்றவர் பல்லில் உட்காரும், ஒருவர் காட்டர் பின் மற்றவர் கிராங்க்கில் ஏறும். திருநெல்வேலிச் சீமையில் ஒரு புளியமரத்தடிக் கடையில் 'செயின் போயிடுத்து' என்று வண்டியைச் சாய்த்தால் எந்தக் கம்பெனி என்று கேட்கிறார்களா? அட்லஸ் கம்பெனி சாஹிபாபாத்தில் இருந்த தன் ஆலையை 2020 ஜூன் 3-ஆம் தேதி நிறுத்தியது. உலகச் சைக்கிள் தினம் அன்று என்பது கொடுமை. ஆயினும் அட்லஸ் வண்டிகள் இன்றும் ஓடுகின்றன. பாகம் இல்லை என்று ஒன்றும் நிற்கவில்லை. கம்பெனி போனாலும் அளவு பொதுவாக இருந்தால் வண்டி பிழைக்கும்.

கியர் வண்டிகளில் அந்தப் பொதுமை படிப்படியாக உடைந்துவிட்டது. முழுதும் வஞ்சகம் என்று சொல்ல மாட்டேன். பின்னே பற்சக்கரங்கள் ஆறிலிருந்து பதினொன்றாகப் பெருகியபோது சங்கிலி ஒல்லியாகத்தான் வேண்டியிருந்தது: எட்டு வரைக்கும் சுமார் 7 மில்லிமீட்டர் வெளி அகலம், பத்துக்கு சுமார் 6, பதினொன்றுக்கு சுமார் 5.5. 1984-ல் வந்த 'கிளிக்' கியரும், 1989-ல் வந்த சரிவு வெட்டிய பற்களும் உண்மையான முன்னேற்றங்கள். ஏற்றத்தில் கியர் மாற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆனால் லீவரின் ஒரு கிளிக்குக்குக் கம்பி எவ்வளவு இழுபட வேண்டும், அந்த இழுப்புக்குப் பின் டிரெயிலியர் எவ்வளவு நகர வேண்டும் என்பதை ஒவ்வொரு தலைமுறையிலும் மாற்றிக்கொண்டே போவது எதற்கு? அந்த 1984-ஆம் ஆண்டு டியூரா-ஏஸ் வரிசையின் டிரெயிலியர், அதே ஷிமானோவின் ஏனைய வரிசை லீவர்களோடு ஒத்துப்போகாது. பங்காளிக்குள்ளேயே பேச்சுவார்த்தை இல்லை! இதில் ஓட்டுகிறவனுக்கு என்ன லாபம் என்று எவராவது எனக்கு விளக்கினால் கேட்டுக்கொள்கிறேன்.

நல்ல வேளை, என் வண்டியில் கிளிக் இல்லை. சட்டத்தின் கீழ்க்குழாயில் இரண்டு சாதாரண லீவர்கள். தள்ளினால் தள்ளிய இடத்தில் நிற்கும். காதால் கேட்டுச் சுருதி சேர்க்கிற மாதிரிதான். இதனால் ஆறு, ஏழு, எட்டு எந்தத் தொகுதியைப் போட்டாலும் லீவர் முகம் சுளிக்காது. கிளிக் லீவர் உள்ளவர்கள் மட்டும் பல்லுக்குப் பல் இடைவெளியைப் பார்க்க வேண்டும்: ஷிமானோ முறையில் ஏழுக்கு 5 மில்லிமீட்டர், எட்டுக்கு 4.8, ஒன்பதுக்கு 4.35, பத்துக்கு 3.95.

நம் தமிழ்த்துறை அன்பர்கள் கவனிக்க. இது முழுக்க முழுக்கப் புணர்ச்சி இலக்கணம். சட்டம் நிலைமொழி, வாங்கி வருவது வருமொழி. எட்டுக்கு என்று செய்த சங்கிலி ஆறிலும் ஏழிலும் ஒன்றும் செய்யாமலே பொருந்துகிறது. அது இயல்பு புணர்ச்சி. எட்டுப் பல்சக்கர மையத்தில் ஏழு உள்ள கேசட்டைப் போட நடுவே 4.5 மில்லிமீட்டர் வளையம் ஒன்று வேண்டும், தோன்றல் விகாரம். 126 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள என் போன்ற பழைய எஃகுச் சட்டத்தை, விஷயம் தெரிந்தவர் பார்த்து மெல்ல விரித்து 130 ஆக்கி இக்காலச் சக்கரத்தை ஏற்றலாம், அது திரிதல். அலுமினியச் சட்டத்தில் அதே காரியத்தைச் செய்தால் கெடுதல். நன்னூல் படித்தவர்கள் எல்லாரும் சைக்கிள் ரிப்பேர் செய்யத் தகுதி உடையவர்கள் என்பது என் துணிபு. ஆனால் அவர்கள்தாம் பஞ்சரானாலும் ஆட்டோவில் போகிறார்கள்.

முன்பக்கச் செயின் வீலுக்கும் அளவு ஒன்றே போதும். ஐந்து கால் உள்ள கிராங்க்காக இருந்தால் அடுத்தடுத்த இரண்டு போல்ட்டுகளின் நடுவிலிருந்து நடு வரை அளந்து 1.7-ஆல் பெருக்குங்கள். 76.4 மில்லிமீட்டர் வந்தால் 130 வட்டம், 84.6 என்றால் பழைய 144, 64.7 என்றால் 110. 130-ல் 38 பல்லுக்குக் கீழே இறங்க முடியாது. முழங்கால் வலிக்காரர்கள் 110-ஐத் தேட வேண்டும். அடிமையத்தைப் பற்றி ஒரே எச்சரிக்கை: இங்கிலீஷ் சட்டத்தில் வலப்பக்கக் கிண்ணத்தின் புரி இடப்புரி. அதாவது கழற்ற வலப்பக்கம் திருப்ப வேண்டும். இது தெரியாமல் இரண்டு பேர் ஒரு நீளக் குழாயை மாட்டித் தொங்கியதை நான் கண்ணால் பார்த்தேன். கிண்ணம் நன்றாக இறுகிற்று.

"இவ்வளவு தலைவலி எதற்கடா? பழசை எடைக்குப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கிக்கொள்ளேன்" என்று என் அறைத்தோழன் மதுரைக்காரன் கேட்டான். அவன் அப்பா வாங்கித் தருவார். சங்கத்தில் பாதிப் பேருக்கு அப்படி இல்லை. முதலாண்டுத் தம்பி ஒருவன், சங்கிலி தாவுகிறது என்பதற்காக, அண்ணன் ஓட்டிய சைக்கிளைப் போன மாதம் ரூ. 600-க்குப் பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்துவிட்டான். அந்த வண்டியை நான் பார்த்திருக்கிறேன். ஒரு பிரீவீலும் சங்கிலியும் மாற்றினால் அவன் பட்டம் வாங்கும் வரை ஓடியிருக்கும். இப்போது வகுப்புக்கு நடக்கிறான். மாலையில் பாடம் சொல்லிக்கொடுக்கப் போகும் வீட்டுக்கு தினமும் பஸ் தேடுகிறான். தாமதமானால் அந்த வருமானம் போய்விடும் என்ற பயம் அவனுக்கு. இரும்புக்காரர் கண்ட லாபத்தையும் இவன் கண்ட நஷ்டத்தையும் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மத்திய அரசின் நுகர்வோர் துறை 2022-ல் 'பழுது பார்க்கும் உரிமை' பற்றி ஆராய ஒரு குழு அமைத்தது. விவசாயக் கருவிகள், கைப்பேசிகள், வீட்டுச் சாமான்கள், மோட்டார் வாகனங்கள் என்று முதலில் எடுத்துக்கொண்டார்கள். சைக்கிளின் பெயர் தனியாக இல்லை. தில்லி அசையும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. தில்லியிலேயே இருக்கிற நாம் சொந்தமாகக் கொஞ்சம் அசையலாம்.

மே மாதம் கடைசி ஆண்டு மாணவர்கள் ஊருக்குப் போகிறார்கள். விடுதி நிறுத்தங்களில் சைக்கிள்கள் அப்படியே நிற்கின்றன. ஒரு மழைக்காலம் நனைந்து, துருப்பிடித்து, ஒரு நாள் லாரி வந்து அள்ளிக்கொண்டு போகிறது. அந்த லாரியில் நல்ல கிராங்க்கும் தேயாத செயின் வீலும் போகின்றன. என் யோசனை இதுதான்: போகிறவர் ஒரு துண்டுக் காகிதத்தில் 'சங்கத்துக்குக் கொடுத்தேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகட்டும். பாகங்களைப் பிரித்து, ஒவ்வொன்றிலும் அளவை எழுதிய அட்டை கட்டி, ஒரு டிரங்குப் பெட்டியில் வைப்போம். கூடவே ஒரு வெர்னியர் அளவி, சங்கிலி ஊசி தள்ளும் கருவி, கிராங்க் இழுப்பான், பிரீவீல் கழற்றிகள் இரண்டு மூன்று. பொங்கல் விழாவில் மேடை அலங்காரத்துக்கு ஆகும் செலவில் பாதி போதும்.

இதைச் செயற்குழுவில் சொன்னபோது, "சங்கம் தமிழ் வளர்க்கவா, செயின் வளர்க்கவா?" என்று ஓர் அன்பர் கேட்டார். நல்ல கேள்விதான். கூட்டத்துக்கு அவர் முக்கால் மணி நேரம் தாமதமாக வந்திருந்தார். சைக்கிள் பழுது என்று காரணம் சொன்னார். தீர்மானம் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது.

அதுவரை பெட்டி என் அறையில் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. இப்போதைக்கு உள்ளே இருப்பவை: 42 பல் செயின் வீல் ஒன்று (130 வட்டம்), எட்டுக் கியர்ச் சங்கிலியின் மீதித் துண்டு பதினான்கு கண்ணி, 4.5 மில்லிமீட்டர் வளையம் இரண்டு, கழற்றி எடுத்த என் பழைய பிரீவீல். அதில் நான் எப்போதும் மிதித்த நடு இரண்டு சக்கரங்கள்தாம் தேய்ந்தவை. ஓரத்தில் உள்ள 28 பல் புதிது போலவே இருக்கிறது, யாருக்காவது உதவும். கருவி எடுப்பவர்கள் நோட்டில் பெயர் எழுதிவிட்டு எடுக்கவும். இருபல் கழற்றி மட்டும் தற்சமயம் இல்லை. இரவல் வாங்கிப் போனவர் மதுரைக்காரர், இதைப் படித்தாவது திருப்பித் தருவாராக.